கடலை ஒவ்வாமை தணிப்பு ஆய்வில் குழந்தையைச் சேர்க்கலாமா?

போச்சம்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, ஆறு வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் எமது குழந்தைகள் நலப் பிரிவுக்கு வந்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாரச்சந்தையில் வாங்கிய கடலை மிட்டாயில் ஒரு துண்டைத் தின்ற சிறுவனுக்குக் கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்புகள் எழுந்து, வாந்தியும் இருமலும் தொடர்ந்தன. அன்று உரிய நேரத்தில் ஊசி போட்டதால் பிழைத்தான். அது முதல் அவ்வீட்டில் நிலக்கடலை நுழைவதில்லை. தந்தை சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் பணிபுரிகிறார். பகல் பொழுதில் சிறுவனையும், எட்டு மாதத் தங்கையையும் பார்த்துக்கொள்பவர் பாட்டி.

கடலையையே மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்து உடலைப் பழக்கும் ஒரு சிகிச்சை ஆராயப்பட்டு வருவதாகப் பெங்களூருவில் உள்ள உறவினர் ஒருவர் அக்குடும்பத்தாரிடம் கூறியிருக்கிறார். "அந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டா இவனைச் சேர்க்கலாங்களா, டாக்டர்?" என்பது அத்தாயின் கேள்வி. புறநோயாளர் பிரிவில் வரிசையில் பலர் காத்திருக்க, ஐந்து நிமிடத்தில் விடை கூறத்தக்க கேள்வி அன்று அது. வேறு சில பெற்றோரும் இதையே பால், முட்டை ஆகியவற்றைக் குறித்துக் கேட்டிருப்பதால், விரிவான விடையை இவ்விதழில் எழுதுகிறோம்.

மேலே படிக்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இச்சிகிச்சையை எக்காரணம் கொண்டும் வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. "ஒரு பருப்பைக் கிள்ளிக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்" என்ற எண்ணத்தால் ஆபத்தான நிலைக்கு உள்ளாகும் குழந்தைகள் உண்டு. ஆய்வுகளில் முதல் நாள் கொடுக்கப்படும் அளவு, ஒரு பருப்பின் ஐந்நூறில் ஒரு பங்குக்கு நிகரானது. அதுவும் மருத்துவர்கள் அருகிருக்க, ஊசி மருந்து கையெட்டும் தொலைவில் இருக்கும்போதுதான்.

முதலில், அது உண்மையில் ஒவ்வாமைதானா?

நம் எல்லைக்கு அப்பால், பெங்களூருவிலும் மைசூருவிலும் நடைபெற்ற ஓர் ஆய்வு இவ்விடத்தில் நமக்கு மிகவும் பயன்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த யூரோபிரிவால் திட்டத்தின் இந்தியப் பகுதி அது. அதன் முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியாயின. ஆராயப்பட்ட பெரியவர்களுள் 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால் அவ்வுணவை உண்டால் உண்மையில் ஒவ்வாமை ஏற்படக்கூடியவர்கள் எனக் கணிக்கப்பட்டவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. பள்ளி மாணவர்களிடையே இந்த அளவு இன்னும் குறைவு: இதே திட்டத்தின் கீழ் சீனா, இந்தியா, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் குழந்தைகளை ஒப்பிட்டபோது, மைசூருவில் உணவு ஒவ்வாமை 0.14 விழுக்காடு என்றும், ஹாங்காங்கில் 1.5 விழுக்காடு என்றும் கண்டறியப்பட்டது.

பெற்றோருக்கு இதன் பொருள் மிக எளியது. இரத்தப் பரிசோதனைத் தாளில் "பாசிட்டிவ்" என்று வருவதும், அவ்வுணவு குழந்தைக்கு ஒவ்வாமல் போவதும் வெவ்வேறானவை. நம் மண்ணில் முதலாவது மிகப் பரவலாகவும் இரண்டாவது அரிதாகவும் உள்ளன. நூறு பொருள்களுக்கு ஒரே குழலில் இரத்தம் எடுத்து, நீண்ட பட்டியலாக அச்சிட்டுத் தரும் "அலர்ஜி பேனல்" பரிசோதனைகளை நம்பிப் பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு என ஒவ்வொன்றாக நிறுத்தி, எடை குறைந்து எம்மிடம் வரும் குழந்தைகளைக் காணும்போது எமக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளந்து "உணவு ஒவ்வாமை" என்று கூறும் பரிசோதனைகளுக்கோ அறிவியல் அடிப்படையே இல்லை. பால் குடித்தபின் வயிற்றுப்போக்கு மட்டும் ஏற்படும் குழந்தைகளுள் பலருக்கு இருப்பது பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க இயலாமை. அது ஒவ்வாமை அன்று. உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் அன்று.

மேற்கூறிய சிறுவனின் வரலாறு இதற்கு மாறானது. உண்ட சில நிமிடங்களில் தோல், வயிறு, மூச்சு ஆகிய மூன்றும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஐயத்துக்கு இடம் குறைவு. இருப்பினும், நெறியாக நடத்தப்படும் பெரும்பாலான ஆய்வுகள் குழந்தையைச் சேர்க்கும் முன் உணவுச் சோதனை ஒன்றை நடத்தும். மருத்துவமனையில் அமர்த்தி, கடலை கலந்த உணவும் கலவாத உணவும் வெவ்வேறு நாள்களில், எது எதுவென்று எவருக்கும் தெரியாத வகையில், அளவைப் படிப்படியாக உயர்த்திக் கொடுப்பார்கள். ஒவ்வாமை தோன்றினால்தான் குழந்தை ஆய்வுக்குத் தகுதி பெறும். அதாவது, ஆய்வின் வாயிலிலேயே உங்கள் குழந்தைக்கு ஒருமுறை ஒவ்வாமையை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். இதைப் பல பெற்றோர் கையொப்பமிட்ட பின்னரே உணர்கிறார்கள்.

வயதையும் கருத வேண்டும். பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலானோர் வளர வளர அதிலிருந்து தாமாகவே விடுபடுகிறார்கள். நிலக்கடலை ஒவ்வாமையிலிருந்து அவ்வாறு விடுபடுவோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. எனவே இரண்டு வயதுப் பால் ஒவ்வாமைக் குழந்தையின் பெற்றோர் சற்றுக் காத்திருப்பது பெரும்பாலும் அறிவுடைமை. ஆறு வயதுக் கடலை ஒவ்வாமைக் குழந்தையின் பெற்றோருக்குக் காத்திருப்பதால் கிடைப்பது அவ்வளவு அதிகமன்று.

இச்சிகிச்சை எதைச் செய்கிறது?

பாரூர் ஏரியை அறியாதவர் நம் பகுதியில் குறைவு. ஏரி நிரம்பிக் கரையைத் தாண்டினால் ஊர் பாழாகும். கரையை ஓரடி உயர்த்தினால், முன்பு ஊரை அழித்த அதே மழை இப்போது அடங்கி நிற்கும். ஆனால் மழையை நாம் நிறுத்திவிடவில்லை; கரையைப் பேணாவிட்டால் பழைய நிலையே திரும்பும். ஒவ்வாமை தணிப்பும் ஏறத்தாழ இத்தகையதே. குழந்தையின் உடல் எந்த அளவு கடலை வரை பொறுத்துக்கொள்ளும் என்னும் எல்லை உயர்த்தப்படுகிறது. ஒவ்வாமை என்னும் தன்மை உள்ளே அப்படியே இருக்கிறது.

வாய்வழிச் சிகிச்சையில், அளந்த கடலை மாவைக் கூழிலோ பழக்கூழிலோ கலந்து நாள்தோறும் கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் வைத்து அளவைக் கூட்டுகிறார்கள். ஆறு மாத அளவில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கடலைப் புரதம் என்னும் நிலையை எட்டுகிறார்கள். இது ஏறத்தாழ ஒரு பருப்பில் உள்ள புரதம். பிறகு அந்த அளவையே தொடர்கிறார்கள்.

2018ஆம் ஆண்டு வெளியான பாலிசேட் என்னும் ஆய்வு இத்துறையில் பெரியது. நான்கு முதல் பதினேழு வயது வரையுள்ளோருள் 372 பேருக்குக் கடலை மருந்தும், 124 பேருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாவும் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், ஒரே வேளையில் 600 மில்லிகிராம் புரதத்தை, அதாவது இரண்டு பருப்பளவை, பெரும் தொல்லையின்றி உண்ண முடிந்தோர் மருந்து பெற்றவர்களில் 67.2 விழுக்காட்டினர், வெற்று மாவு பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர். இம்முடிவின் அடிப்படையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 சனவரியில் அம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

இரண்டு பருப்பு என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெற்றோரின் அச்சம் கடலைச் சட்னியைக் கிண்ணம் கிண்ணமாக உண்பதைப் பற்றியதன்று. பொரியலில் தூவிய பொடியும், பேக்கரியில் ஒரே தட்டில் அடுக்கிய பிஸ்கட்டும், நண்பன் கையில் ஒட்டியிருக்கும் துணுக்குமே அவர்களை உறங்கவிடாதவை. அத்தகைய தவறுதலான அளவுக்கு எதிராக இரண்டு பருப்பு என்பது பெரிய காப்பு.

இதன் மறுபக்கத்தையும் அதே அளவு தெளிவாகக் கூற வேண்டும். அதே பாலிசேட் ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் அட்ரினலின் ஊசி தேவைப்பட்டோர் மருந்து பெற்றவர்களில் 14 விழுக்காட்டினர். வெற்று மாவு பெற்றவர்களில் 6.5 விழுக்காட்டினர். பக்கவிளைவுகளால் ஆய்விலிருந்து விலகியோர் முறையே 11.6 விழுக்காடும் 2.4 விழுக்காடும் ஆவர். 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 12 ஆய்வுகளில் பங்கேற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அனாபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி சிகிச்சை பெற்றோரில் 22.2 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 7.1 விழுக்காட்டினருக்கும் நேர்ந்திருந்தது. வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகவும் அத்தொகுப்பாய்வில் புலப்படவில்லை.

இது முரண்பாடாகத் தோன்றும். மருத்துவமனைச் சோதனையில் குழந்தை வெற்றி பெறுகிறது. வீட்டிலோ ஒவ்வாமை முன்பைவிட அடிக்கடி வருகிறது. காரணம் வெளிப்படை. கடலையைத் தவிர்க்கும் குழந்தை ஆண்டில் ஓரிரு முறை தவறுதலாக அதைச் சந்திக்கலாம், சந்திக்காமலும் போகலாம். சிகிச்சை பெறும் குழந்தையோ ஆண்டில் 365 நாளும் கடலையை உண்கிறது. எதிர்பாராத ஆபத்தைக் குறைத்துக்கொள்ள, எதிர்பார்க்கும் ஆபத்தை நாள்தோறும் ஏற்றுக்கொள்வதே இச்சிகிச்சை. இந்தப் பரிமாற்றம் ஒரு குடும்பத்துக்குப் பொருந்தும், மற்றொன்றுக்குப் பொருந்தாது. எது பொருந்தும் என்பதை மருத்துவர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 120 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. இரண்டாண்டுச் சிகிச்சைக்குப் பின் கடலையை அறவே நிறுத்தியவர்களுள், ஓராண்டு கழித்தும் நான்கு கிராம் புரதத்தைப் பொறுத்துக்கொண்டோர் 13 விழுக்காட்டினரே. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் தொடர்ந்தவர்களில்கூட அது 37 விழுக்காடாகவே இருந்தது. மிகச் சிறு வயதில் தொடங்கினால் நிலை சற்று மேம்படுகிறது. ஒரு வயது முதல் நான்கு வயதுக்குட்பட்ட 146 குழந்தைகளிடம் நடந்த இம்பாக்ட் ஆய்வில் (2022), சிகிச்சையின் முடிவில் 71 விழுக்காட்டினர் ஐந்து கிராம் புரதத்தை உண்டனர். ஆறு மாதம் நிறுத்திய பின்னும் 21 விழுக்காட்டினர் அதைப் பொறுத்துக்கொண்டனர். ஆகவே, நம் சிறுவனின் வயதில் தொடங்குபவர்கள் "சிகிச்சை எப்போது முடியும்" என்று கேட்பதைவிட, "பல ஆண்டுகள் தொடர முடியுமா" என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. தோலில் ஒட்டும் கடலைப் பட்டை ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் 67 விழுக்காட்டினருக்குப் பயனளித்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. வெற்றுப் பட்டை ஒட்டப்பட்டவர்களிலும் 33.5 விழுக்காட்டினர் அதே நிலையை எட்டினர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓமலிசுமாப் என்னும் ஊசி மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்கென அனுமதி கிடைத்தது. அதை இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தியாக வேண்டும், விலையும் மிகுதி.

வீட்டில் நாள்தோறும் நடப்பது

விழுக்காடுகளைவிட இதுவே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும் என்பது எமது கருத்து.

கடலை மாவை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. கொடுத்தபின் இரண்டு மூன்று மணி நேரம் குழந்தை ஓடி ஆடக் கூடாது. வெந்நீரில் குளிக்கக் கூடாது. உடனே உறங்கவும் கூடாது. அந்நேரம் முழுவதும், ஒவ்வாமையின் அறிகுறிகளை அறிந்த, ஊசி போடத் தெரிந்த ஒரு பெரியவர் விழித்திருந்து அருகில் இருக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, தூக்கமின்மை ஆகியவை இருக்கும் நாள்களில், நேற்று வரை ஒத்துக்கொண்ட அதே அளவு இன்று ஒவ்வாமல் போகலாம். அத்தகைய நாள்களில் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். சில நாள்கள் விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தாமாகத் தொடங்கவும் கூடாது.

இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி உறங்கும் தந்தை, எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்கும் தாய், மாலையில் நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் தெருவுக்கு ஓடும் சிறுவன்: இவ்வீட்டில் அந்த இரண்டு மூன்று மணி நேரம் எங்கே இருக்கிறது? தாளும் பேனாவும் எடுத்து, வாரத்தின் ஏழு நாளுக்கும் யார் கொடுப்பார், யார் பார்த்திருப்பார் என்று எழுதிப் பாருங்கள். ஷிப்ட் மாறும் வாரங்களையும் எழுதுங்கள். கட்டத்தில் வெற்றிடம் விழுந்தால் அது புறக்கணிக்கத்தக்கதன்று.

தொலைவும் ஒரு செலவே. அளவைக் கூட்டும் நாள்களில் குழந்தையும் ஒரு பெரியவரும் முழு நாளை ஒதுக்க வேண்டும். போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்வதென்றால், இரு வாரத்துக்கு ஒரு நாள் ஊதியமும் பள்ளியும் போகும். பயணப்படியை ஆய்வு நடத்துவோர் தருகிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் ஒவ்வாமை தோன்றினால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சிரைப்பு நோய் கட்டுக்குள் இல்லாத குழந்தைகளை இவ்வாய்வுகளில் சேர்க்கலாகாது. உணவுக்குழாயில் ஈசினோஃபில் அணுக்கள் சேர்ந்து ஏற்படும் அழற்சி உள்ளவர்களுக்கும் இது ஆகாது. சிகிச்சையின்போதே சிலருக்கு அவ்வழற்சி புதிதாகத் தோன்றுவதுண்டு. குழந்தை உணவை விழுங்கச் சிரமப்பட்டாலோ, தொடர்ந்து வயிற்றுவலி என்றாலோ, "சாப்பிட அடம்" என்று ஒதுக்கிவிடாமல் தெரிவிக்க வேண்டும்.

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு

எம்மிடம் வரும் பெற்றோர் பலர் ஆய்வைப் "புதிய சிகிச்சை, அதுவும் இலவசம்" என்றே எண்ணுகிறார்கள். ஆய்வின் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. உங்கள் குழந்தைக்கு நன்மை விளையலாம். அது ஆய்வின் உடன்விளைவு. குழந்தைக்குக் கடலை மருந்தா, வெற்று மாவா என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்யும். உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு பேருந்தில் அலைந்தபின், கொடுத்தது வெற்று மாவு என்று அறியும் வாய்ப்பும் உண்டு. அப்போது உண்மை மருந்தைப் பெறும் வாய்ப்பு வழங்கப்படுமா என்று முன்பே கேளுங்கள். சில ஆய்வுகள் வழங்கும், எல்லாம் வழங்குவதில்லை.

நம் நாட்டில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், 2019 நடைமுறையில் உள்ளன. இவ்விதிகளின்படி, நெறிமுறைக் குழு ஒன்று ஆய்வை ஏற்றிருக்க வேண்டும். அக்குழுவில் மருத்துவர்கள் மட்டுமின்றிச் சட்டம் அறிந்த ஒருவரும், பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவம் கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும். ஆய்வே காரணம் என உறுதியானால் இழப்பீடும் உண்டு. மருந்து ஆய்வுகள் அனைத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் தரத் தயங்குபவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, வீட்டில் எதைப் படிப்பீர்களோ அதில் கேளுங்கள். அன்றே கையொப்பமிட எவரும் வற்புறுத்தக் கூடாது. வீட்டுக்கு எடுத்துச் சென்று, பாட்டியையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்; மருந்து கொடுத்துவிட்டுப் பார்த்திருக்கப் போவது அவராக இருக்கலாம். எந்த நாளிலும், காரணம் கூறாமலே விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகுவதால் குழந்தையின் வழக்கமான மருத்துவம் பாதிக்கப்படலாகாது.

குழந்தையின் இசைவும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டுக்கு மேற்பட்டோரிடம் எழுத்து வழியாகவும் இசைவு பெற வேண்டும். ஆறு வயதுச் சிறுவனிடம் சட்டப்படி கேட்க வேண்டியதில்லை என்றாலும், கேட்பதே முறை. வாய் அரிக்கும், சில நாள் வயிறு வலிக்கும், பிடிக்காத சுவையை நாள்தோறும் விழுங்க வேண்டும் என்பவற்றை அவனுக்குப் புரியும் சொற்களில் கூறுங்கள். கடலையைக் கண்டாலே அஞ்சும்படி நாமே வளர்த்த குழந்தையை, அதையே உண்ணச் சொல்லும்போது அது கலங்குவது இயல்பு.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும்

ஒவ்வாமை அதிர்ச்சிக்கு முதல் மருந்து அட்ரினலின். செட்டிரிசின், அவில் போன்றவை அரிப்பைத் தணிக்கும்; உயிரைக் காக்கா. தானே செலுத்தும் அட்ரினலின் பேனாக்கள் நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மருந்துக்குப்பி, ஒரு மில்லி சிரிஞ்சு, அளவு எழுதிய அட்டை ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்து, இரண்டு தொகுப்புகளாக வீட்டிலும் பள்ளியிலும் வைக்கச் சொல்லி வருகிறோம். அளவு எடைக்கு ஏற்றது: ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள மருந்தில், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.2 மில்லி. அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்த வேண்டும். உங்கள் குழந்தைக்கு உரிய அளவை மருத்துவர் எழுதித் தருவார். எமது செவிலியர்கள் வெறும் நீரை வைத்துப் பழக்கித் தருவார்கள். ஊசி போட்டபின் குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமரட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாம் ஊசி தேவைப்படும். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மீண்டும் தோன்றுவதுண்டு.

நிலக்கடலை விளையும் மாவட்டத்தில் அதைத் தவிர்ப்பது எளிதன்று. உறையிட்ட உணவுகளில் நிலக்கடலை, பால், முட்டை போன்றவை இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. தளர்வாக விற்கும் இனிப்புக்கும் காரத்துக்கும் அக்குறிப்பு இராது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் புரதம் தங்கியிருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். உறவினர் வீட்டு விருந்தில் கேட்க வேண்டிய கேள்விகளுள் எண்ணெயும் ஒன்று. பள்ளியில் மதிய உணவு முட்டையோடு வருவதால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் தலைமையாசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் எழுத்து வழியாகத் தெரிவிப்பது நல்லது.

அத்தாயின் கைக்குழந்தையைப் பற்றியும் ஒரு சொல். அண்ணனுக்கு நேர்ந்ததைக் கண்ட பாட்டி, தங்கைக்கும் கடலையைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அன்பினால் செய்தது, ஆயினும் தவறாக முடியக்கூடியது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த லீப் ஆய்வில் (2015), கடலையை முதல் வயதிலேயே தொடங்கி உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும், தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. தங்கைக்குக் கரப்பான் இருக்கிறதா என்று பார்த்து, தேவையெனில் பரிசோதித்து, நீர்க்க அரைத்த விழுதாகத் தொடங்கலாம். முழுப் பருப்பை ஐந்து வயதுக்கு முன் எக்குழந்தைக்கும் கொடுக்கலாகாது. அது மூச்சுக்குழாயில் சிக்கும்.

அன்று சிறுவனிடமே கேட்டோம், கடலை தின்ன ஆசையா என்று. இல்லை என்று தலையசைத்தான். பள்ளியில் மதியம் அவனை மட்டும் தனியே அமர்த்துகிறார்களாம். கூட்டாளிகளோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்றான். அதற்கு ஓராண்டு ஆய்வு தேவையில்லை. ஆசிரியைக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்து, கடலை கொண்டுவராத மூன்று நண்பர்களை அவன் அருகில் அமரச் செய்ய ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. ஆய்வில் சேரும் கேள்வியை அக்குடும்பத்தார் மூடிவிடவில்லை. தந்தைக்கு நிலையான பகல் ஷிப்ட் கிடைக்கும் வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் மூச்சுத்திறன் பரிசோதனைக்கு வருகிறார்கள். அன்றைக்குத் தங்கைக்கான முதல் தேக்கரண்டி விழுதையும் எமது பிரிவிலேயே வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.